புகார் எண் முப்பத்தொன்று

அடைபட்ட வீட்டில் குழந்தைகளைக் குஷியாக வைத்திருக்க இருபத்தைந்து வழிகள் என்று ஒரு பட்டியல் அவள் போனுக்கு வந்தது. அனுப்பியவர் அவள் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன ஒரு லிஃப்டிலிருந்து யாரையோ இழுத்து வெளியே விடப் போய், அந்த ஆளிடமிருந்து நோயை வாங்கிக்கொண்டு வந்தவர். சோதனையில் தெரிந்த அன்றே வண்டி வந்து அவரை ஒரு கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோய்விட்டது. வீட்டுக் கதவில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டி, உள்ளே இருந்த மூன்று பேரும் பதினாலு நாள் வெளியே தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

விடுதியில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இருமல் இரண்டாம் நாளே போய்விட்டது. மூன்று வேளையும் சாப்பாடு கதவருகே வந்து இறங்குகிறது. மல்லாந்து படுத்துக்கொண்டு போனைத் தேய்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அப்படிப்பட்ட மனுஷன், ஒன்பது வயதும் ஐந்து வயதுமாக இரண்டு பிள்ளைகளோடு அடைபட்டுக் கிடப்பவளுக்கு வழி சொல்கிறார். அதுவும் ஒன்றல்ல, இரண்டல்ல.

முதல் வழி, குழந்தைகளோடு சேர்ந்து அட்டைப்பெட்டியில் கோட்டை கட்டுங்கள். ஏழாவது, மனம்விட்டு நடனம் ஆடுங்கள். பதினெட்டாவது, சமையலறைப் பாத்திரங்களைக் கொண்டு ஓர் இசைக்குழு அமையுங்கள். பதினெட்டாவதை அவள் இரண்டு தடவை படித்தாள். எழுதினவன் எதிரே இருந்தால் அந்தப் பாத்திரத்தாலேயே நாலு போடலாம் போல இருந்தது.

"படிச்சியா?" என்று புருஷன் அன்று வீடியோவில் கேட்டார்.

"படிச்சேன்."

"எது பண்ணப் போற?"

"உங்கள அங்கேர்ந்து கூட்டிட்டு வந்து இங்க உக்கார வெச்சிட்டு, நான் அங்க போய்ப் படுத்துக்கலாம்னு இருக்கேன். அது இருபத்தாறாவது வழி."

அவர் சிரித்தார். சிரிக்கத்தான் அவருக்கு நேரம் இருந்ததே.

அவளுக்கு வேலை, துணி துவைக்கும் மெஷினும் ஃப்ரிட்ஜும் செய்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில். ஆபீஸை மூடிய பிறகு படுக்கையறையில் மடக்கு மேஜை போட்டுக்கொண்டு, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு பேச்சும் பதிவாகும். பின்னால் வீட்டுச் சத்தம் மூன்று தடவை பதிவாகிவிட்டால் ஆளை லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள். லைனிலிருந்து எடுப்பது என்றால் வேலையை விட்டு எடுப்பது. கம்பெனி எதையும் நேராகச் சொல்லிப் பழகியதில்லை. புருஷனுடைய முதலாளி, லிஃப்டைத் தொடாத மெக்கானிக்குக் கூலி கிடையாது என்று கையை விரித்துவிட்டார். ஆக, அந்த வீட்டுக்குச் சோறு போட மிச்சம் இருந்தது அவளுடைய வேலை ஒன்றுதான்.

அடைபட்ட முதல் நாளே இரண்டு தடவை பதிவாகிவிட்டது. காலையில், பட்டியலை யாரும் படிக்காமலே, பெரியவனும் சின்னவளும் பதினெட்டாவது வழியை அடுப்பங்கரையில் நடத்திக் காட்டினார்கள். மதியம் ஊதா நிறப் பென்சிலுக்காக ஒரு அடிதடி. டீம் லீடர் போன் பண்ணினான். அவளைவிட ஆறு வயது சின்னவன். ஆபீஸ் டையைக் கழற்றாமலே தூங்குவான் போல இருக்கும் அவன் குரல்.

"ரெண்டு ஆயிடுச்சு மேடம். மூணாவது வந்தா என் கையில எதுவும் இல்ல."

அவன் கையில் எப்போதுதான் என்ன இருந்தது? அவள் சரி சார் என்றாள்.

புகார்ப் பிரிவைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று தெரியாது. அங்கே எந்த மெஷினையும் யாரும் சரி செய்வதில்லை. கூப்பிடுகிறவன் கத்துவான். மெஷின் ஆடுகிறது என்பான், தண்ணீர் கக்குகிறது என்பான், உன் கம்பெனியைச் சந்தி சிரிக்க வைக்கிறேன் என்பான். அவனைக் கத்த விட்டு, கடைசியில் ஒரு நம்பர் கொடுக்க வேண்டும். நம்பர் கையில் விழுந்ததும் முக்கால்வாசிப் பேர் அடங்கிவிடுவார்கள். ஏதோ நடக்கப் போகிறது என்று ஒரு நம்பிக்கை. அதே ஆள் மறுபடி கூப்பிட்டால், உங்களுக்குத்தான் நம்பர் இருக்கிறதே, காத்திருங்கள் என்று சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரம் கூப்பிடாமல் இருந்தால் புகார் தானாகத் தீர்ந்ததாகிவிடும். கடைசியில் எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எவ்வளவு மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்க வேண்டும். விட்டால் போதும் என்று ஐந்து கொடுத்துவிட்டு ஓடுவான். ஏழு வருஷமாக இதைச் செய்து செய்து, நம்பருக்கு அடங்குகிற மனிதர்கள் மேல் அவளுக்குச் சல்லிக்காசு மரியாதை இல்லாமல் போய்விட்டது. இவ்வளவு லேசாக ஏமாறுகிறவர்களின் துணி அழுக்காகவே இருக்கட்டும் என்று நினைப்பாள்.

மூன்றாம் நாள் காலை, பல் தேய்க்கும்போது, அந்த வித்தை வீட்டிலும் செல்லுமே என்று அவளுக்குத் தோன்றியது.

பெரியவனுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். ஒரு டம்ளர் பாலைக் குடிக்கச் சொன்னாலும் ஏன், எதற்கு, யார் சொன்னது என்று வாதாடுவான். சின்னவள் பொடிசு. அவள் வாதாட மாட்டாள். எடுத்த எடுப்பில் அலறுவாள். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பழைய டிவி ரிமோட் ஒன்றையும் கோடு போட்ட நோட்டு ஒன்றையும் கொடுத்தாள். ரிமோட்தான் போன். வக்கீல்தான் பதிவு அதிகாரி. யாருக்கு என்ன குறை இருந்தாலும் ரிமோட்டில் சொல்ல வேண்டும், ஆனால் ரகசியம் பேசுகிற குரலில். குரலை உயர்த்தினால் லைன் கட். வக்கீல் அதை நேரத்தோடு நோட்டில் எழுதி, நம்பர் கொடுத்து, படுக்கையறை வாசலில் வைத்துவிட வேண்டும். அவள் இடைவேளையில் வந்து தீர்த்து வைப்பாள்.

"ஒரே புகார ரெண்டு தடவ குடுக்கக் கூடாது. நம்பர் வாங்கினவங்க காத்திருக்கணும். தீந்ததும் அஞ்சுக்கு எத்தனன்னு மார்க் போடணும். அஞ்சு போட்டா ஒரு கிரீம் பிஸ்கெட்."

"நாலு போட்டா?" என்றான் வக்கீல்.

"நாலு போட்டா ஏன்னு எழுதிக் குடுக்கணும்."

வக்கீல் யோசித்துவிட்டு, ஐந்தே போடலாம் என்று முடிவு செய்தான். அவளுடைய வாடிக்கையாளர்களும் அப்படித்தான்.

வீடு கப்சிப் என்று அடங்கிவிட்டது. ஹாலில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பொடிசு உட்கார்ந்து ரிமோட்டில் கிசுகிசுப்பாள். மேஜைக்கு மேலே வக்கீல் எழுதுவான். ஒன்று, அண்ணன் ஊதா பென்சிலைக் கடிக்கிறான். நான்கு, ஜன்னலுக்கு இன்றைக்குப் புறா வரவில்லை. ஒன்பது, அப்பா போனில் ரொம்பக் குட்டியாகத் தெரிகிறார். அவள் தேநீர் நேரத்தில் வாசலில் குனிந்து நோட்டை எடுத்து, எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு வரி எழுதுவாள். பென்சில் மாற்றித் தரப்படும். புறாவிடம் விசாரிக்கப்படுகிறது. அப்பா பதினாலு நாளில் பழைய அளவுக்கு வருவார். தீர்ந்தது. மேஜைக்கு அடியிலிருந்து ஐந்து விரல் நீளும், பிஸ்கெட் போகும். பிஸ்கெட் கடிக்கும் சத்தம்கூட அடக்கமாக இருந்தது.

அதே நேரத்தில் அந்தக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் என்ன கூத்து நடந்தது என்றால், வீட்டுக்கு வீடு கோட்டை கட்டினார்கள். மூன்றாவது மாடிக்காரர் குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையில் கோபுரம் எழுப்பி, அதன் முன்னால் பிள்ளையை நிறுத்திப் படம் பிடித்துப் போட்டார். பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. எதிர் வரிசைக்காரி ரவையில் எரிமலை செய்து வெடிக்க வைத்தாள். வெடித்ததைத் துடைத்த ஆளைப் படத்தில் காணோம். பிள்ளைகளோடு நேரம் செலவழிக்க இப்படி ஒரு வாய்ப்பு கிடைக்குமா என்று ஆளாளுக்கு உருகினார்கள். போன மாதம் வரை பள்ளி விடுமுறை என்றாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள். அவர்களைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, குமட்டிக்கொண்டும் வந்தது. ஒரு நோட்டு, ஒரு செத்துப்போன ரிமோட். அவள் எதையும் படம் பிடித்துப் போடவில்லை. போட்டால் அவர்கள் தரத்துக்கு இறங்கியதாகிவிடும்.

எட்டாம் நாள் டீம் லீடர் கூப்பிட்டான்.

"மேடம், உங்க வீட்ல குழந்தைங்க இருக்காங்களா இல்லையான்னே தெரியல. எப்படிப் பண்றீங்க?"

"பெருசா ஒண்ணும் இல்ல சார். நம்ம வேலையத்தான் அவங்களுக்கும் கத்துக் குடுத்தேன்."

விவரம் கேட்டு அவன் அசந்துபோனான். குழந்தைகள் இருக்கும் ஊழியர்கள் எல்லாருமே சத்தத்தில் மாட்டித் தவிக்கிறார்களாம். நாளைக்கு நாலு மணி மீட்டிங்கில் அவள் இதை எல்லாருக்கும் விளக்க வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார்.

"நல்லா பண்ணுங்க. அந்த ரெண்டு சத்தத்தையும் ரெக்கார்ட்லேர்ந்து எடுத்துடறேன்."

அந்த இரண்டும் போய்விட்டால் தலைக்கு மேல் தொங்கும் கத்தி போய்விடும். அன்று மாலை முழுதும் உட்கார்ந்து பத்து பக்கத்துக்குப் படங்களோடு தயார் செய்தாள். பொடிசு இரண்டு தடவை மடியில் ஏற வந்தாள். இரண்டு தடவையும் ரிமோட்டைக் காட்டி அனுப்பினாள்.

ஒன்பதாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு வாசலில் நோட்டு இருந்தது. முப்பத்தொன்று, 9.50, உள்ளே குளிருகிறது என்று எழுதியிருந்தது. அவள் கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்துப் போய் மேஜைக்கு அடியில் தள்ளினாள். போர்வை தரப்பட்டது, தீர்ந்தது என்று எழுதினாள்.

"எத்தன?"

மேஜைக்கு அடியிலிருந்து கை வந்தது. ஐந்து விரல். பிஸ்கெட்டை உள்ளங்கையில் வைத்துவிட்டு, தேநீரை நின்றபடியே குடித்து, பத்து ஐம்பத்தெட்டுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டாள். பிஸ்கெட்டை யாரும் கடித்த சத்தம் கேட்கவில்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

பதினொன்றுக்குச் சுகாதாரத் துறையிலிருந்து போன் வந்தது. தினமும் வரும். ஒரே பெண், ஒரே தட்டைக் குரல், ஒரே வரிசையில் கேள்விகள். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற கிளிப்பிள்ளை என்று அந்தப் பெண்ணைப் பற்றி இவளுக்கு ஒரு எண்ணம். தொழில் தெரிந்தவளுக்கு மட்டும் வருகிற இளக்காரம் அது; இதே வேலையைத் தான் எவ்வளவு இனிக்க இனிக்கச் செய்கிறோம் என்று ஒரு ஒப்பீடு வேறு.

"வீட்ல யாருக்காவது காய்ச்சல், இருமல்..."

"யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"குழந்தைங்கள இன்னிக்குத் தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன்."

ஒரு மணிக்கு ரொட்டியும் முட்டையும் தட்டில் போட்டு மேஜையில் வைத்தாள். பொடிசு போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மதியம் ஒருநாளும் தூங்காத பிள்ளை. மீட்டிங் நாளில் தூங்குகிறதே என்று அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அம்மா, இவ காலையிலேர்ந்தே..."

"நோட்டுல எழுதுடா."

"எழுதினா நீ பாக்க நேரமாகும்."

"வாதாடாத. எழுது."

வக்கீல் நோட்டை எடுத்தான்.

நாலு மணி மீட்டிங்கில் அவள் கொடி கட்டிப் பறந்தாள். திரையில் முப்பது முகங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஏதோ ஒரு கதவை ஏதோ ஒரு பிள்ளை தட்டிக்கொண்டிருந்தது. இவள் வீட்டில் மட்டும் மயான அமைதி. நம்பரின் மகிமையை எடுத்துச் சொன்னாள். குழந்தைக்கு வேண்டியது தீர்வு இல்லை, பதிவு என்றாள். அந்த வரியை அவள் முந்தின நாளே யோசித்து வைத்திருந்தாள். தலைமை அலுவலகத்து அம்மா அதைக் குறித்துக்கொள்வது தெரிந்தது.

அப்போது வாசலில் வக்கீல் வந்து நின்றான். மார்போடு நோட்டை அணைத்துப் பிடித்திருந்தான். அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். அவன் வாயைத் திறந்தான். அவள் உள்ளங்கையைக் காட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனான். கால் மணியில் திரும்பவும் வந்தான். இந்தத் தடவை அவள் திரையைப் பார்த்துப் புன்னகைத்தபடியே, மேஜைக்கு அடியில் காலை நீட்டிக் கதவைத் தள்ளிச் சாத்தினாள். அந்தப் புன்னகையோடுதான் அவள் வீடியோவில் பதிவாகியிருக்கிறாள்.

"ரொம்ப அருமை" என்றார் தலைமை அலுவலகத்து அம்மா. ஐந்து இருபதுக்கு டீம் லீடர் தனியாகக் கூப்பிட்டு, இரண்டையும் எடுத்துவிட்டேன், நிம்மதியாக இருங்கள் என்றான். அவளும் நிம்மதியாக இருந்தாள். ஆறு மணி வரை மெஷின் ஆடுகிறது என்ற நாலு பேருக்கும் ஃப்ரிட்ஜ் அழுகிறது என்ற ஒரு கிழவருக்கும் அவ்வளவு பரிவாக நம்பர் கொடுத்தாள். கிழவர் நீ நல்லா இருக்கணும்மா என்றுகூடச் சொன்னார்.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தாள். காலடியில் நோட்டு விரிந்து கிடந்தது.

32. 1.10. பொடிசு சாப்பிடவில்லை.
33. 2.35. போர்வை போதவில்லை. (இது 31 இல்லை. அது குளிர். இது போர்வை.)
34. 4.15. தொட்டால் சுடுகிறது.
35. 4.30. கூப்பிட்டால் ம் என்கிறாள்.
36. 5.25. ம் சொல்லவில்லை.

வக்கீல் மேஜைக்கு அடியில் தங்கையின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் ரிமோட். இன்னொரு கை அவள் நெற்றியில் இருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ரிமோட்டை வாயருகே கொண்டுபோனான்.

"இப்பப் பேசலாமாம்மா?" என்று ரகசியக் குரலில் கேட்டான்.

அவள் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பிள்ளையை இழுத்தாள். கை கால் எல்லாம் தோசைக்கல்லாகக் கொதித்தது. கண் பாதி திறந்து, வெள்ளை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் காலையில் கொடுத்த பிஸ்கெட் கிடந்தது. முழுசாக, ஒரு ஓரம்கூடக் கடிபடாமல். பொடிசு என்று கூப்பிட்டாள். பிறகு, ஏழு நாளாக அந்த வீட்டில் யாரும் எழுப்பாத குரலில், பெயர் சொல்லிக் கத்தினாள். வக்கீல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

சுகாதாரத் துறைக்குப் போன் போட்டாள். எடுத்தது அதே தட்டைக் குரல். அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, காத்திருக்கவும். அவளே ஒரு நாளைக்கு எண்பது தடவை சொல்கிறாளே.

"எம் பொண்ணு... காய்ச்சல்... கண்ணே தொறக்கல. சீக்கிரம் நம்பர் குடுங்க."

"நம்பர் எதுக்கு? குழந்தை பக்கத்துல உக்காருங்க. வண்டி கிளம்பிடுச்சு. நெஞ்சு ஏறி இறங்குதா, பாருங்க."

"இறங்குது."

"போர்வைய எடுத்துடுங்க. சட்டையக் கழட்டி, ஈரத் துணி போடுங்க. லைனைக் கட் பண்ணாதீங்க, நான் இருக்கேன்."

அவள் போர்வையை உருவினாள். காலையில் தானே தள்ளிவிட்ட போர்வை. வண்டி வரப் பதினேழு நிமிஷம் ஆயிற்று. பதினேழு நிமிஷமும் அந்தப் பெண் லைனில் இருந்தாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. மூச்சு எப்படி இருக்கிறது, உதடு நீலமாக இருக்கிறதா, துணியை மாற்றினீர்களா, மூச்சு எப்படி இருக்கிறது. நடுவில் ஒரு தடவை மட்டும் கேட்டாள்.

"காலையில தொட்டுப் பாத்தேன்னு சொன்னீங்களே."

அவள் துணியை மறுபடி நனைத்துப் போட்டாள். அந்தப் பெண் திரும்பக் கேட்கவில்லை.

மூன்று பேரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் உடம்பு முழுக்க மூடின ஒரு டாக்டர், காய்ச்சல் எப்போதிலிருந்து என்று கேட்டார். அவள் வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் நோட்டைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல நேரத்தோடு வாசித்தான். ஒன்பது ஐம்பதுக்குக் குளிர். ஒன்று பத்துக்குச் சாப்பிடவில்லை. கடைசி வரை வாசித்தான்.

"இவ்வளவு சரியா யாரும் எழுதிட்டு வந்ததில்ல" என்றார் டாக்டர். "நல்லாக் கவனிச்சிருக்கீங்கம்மா."

நோட்டைக் கையில் வாங்கினார். முப்பத்தொன்றுக்கு எதிரே பெரியவர்கள் கையெழுத்தில் இருந்த வரியை அவர் கண் படித்தது அவளுக்குத் தெரிந்தது. தீர்ந்தது. ஐந்துக்கு ஐந்து. அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவள் அதுவரை ஆயிரம் பேரை மனசுக்குள் கேவலமாகப் பார்த்திருக்கிறாள். தன்னை ஒருத்தர் அப்படிப் பார்த்து அன்றுதான் பார்த்தாள். அவர் பார்த்தது நியாயம் என்றும் தோன்றியது.

அப்பா கொண்டுவந்த நோய்தான். இரண்டு நாள் பிள்ளை கண் திறக்கவில்லை. விடுதியிலிருந்து புருஷன் போனில் ஏங்கி ஏங்கி அழுதார். என்னாலதானே, என்னாலதானே என்றார். அவரை ஏளனம் செய்ய அவளிடம் ஒரு வார்த்தையும் மிச்சம் இல்லை. எல்லாம் அவளுக்கே தேவைப்பட்டது. நடுவில் டீம் லீடரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவளுடைய வீடியோ எல்லாக் கிளைகளுக்கும் போயாயிற்று, பெற்றோர்கள் எல்லாரும் பின்பற்ற ஆரம்பித்துவிட்டார்கள், வாழ்த்துகள். அதை உடனே எடுத்துவிடுங்கள் என்று அவள் எழுதினாள். திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து பதில் வந்தது. உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று ஆரம்பித்து, கீழே ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் பொடிசு கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, கையில் ஒட்டியிருந்த ஊசியையும் குழாயையும் பார்த்தாள். மூக்கு முதல் முழங்கால் வரை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அம்மா என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏன்டி செல்லம், உடம்பு சரியில்லன்னு அம்மாகிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னேனே" என்றாள் பொடிசு, அந்த ரகசியக் குரலிலேயே. "முப்பத்தொண்ணு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். முகமூடி நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது.

"அது இப்பத் தீந்துடுச்சாம்மா?"

பதில் வரவில்லை என்றதும், தீர்ந்துவிட்டது என்றே பொடிசு எடுத்துக்கொண்டாள். ஊசி குத்தின கையை மெத்தையிலிருந்து மெல்லத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். பிஸ்கெட்டுக்காக இல்லை, பிஸ்கெட் வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை. தீர்ந்தால் ஐந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலை மடக்கினாள். அடுத்ததை மடக்கினாள். ஒவ்வொன்றாக, ஒரு விரலும் மிச்சம் இல்லாமல் மடக்கி, தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

பொடிசு அதைப் புது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். கையை உருவிக்கொண்டு, மறுபடியும் ஐந்தையும் விரித்தாள்.